காவலர் மீதான அச்சமும் நம் நியாயமும்



“அழுதால் போலீசு பிடித்துக்கொண்டு போய்விடும்” எனப் பிள்ளைகளை மிரட்டும் வழக்கம் நம் கோலா சுங்கை பாரு வட்டாரத்திலும் உண்டு. இவ்வச்சத்திற்கு ஒரு வரலாறு இருக்கின்றது.

1941-இல் கிள்ளான் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனருக்கு நிகரான கூலி கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்னும் விதியை நீக்கக் கோரினர். தலைவர் ஆர்.எச்.நாதன் கைதானார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அன்று சீருடை துரைமார் பக்கமே நின்றது.

அதே சீருடைக்கு மற்றொரு முகமும் உண்டு. 23.2.1950 விடியற்காலையில், மூவார் மாவட்டத்துப் புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுகள் தாக்கினர். காவலர்கள் சரணடைய மறுத்துப் போராடி மடிந்தனர். அவர்தம் குடும்பத்தாரும் சிலர் உயிரிழந்தனர்.

குறைகள் இன்றும் இல்லாமல் இல்லை. 2005-இல் அரச விசாரணை ஆணையம் காவல்துறையைச் சீர்திருத்த 125 பரிந்துரைகளை அளித்தது. 2023 சூலையில் நடப்புக்கு வந்த காவல்துறை நடத்தை ஆணையத்திற்கு விசாரிக்கும் உரிமை உண்டு. தண்டிக்கும் உரிமை இல்லை. ஆகவே கேள்வி கேட்பது நம் கடமை.

எனினும், ஒருவர் தவற்றை அனைவர் மீதும் சுமத்துவது முறையாகுமா? தமிழ் இளைஞன் என்றாலே குண்டர் கும்பல் என்போரைக் கண்டு கொதிக்கின்றோமே, அந்த அளவுகோல் நமக்கும் பொருந்துமன்றோ?

அதனால் நான் வகுப்பில் இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்தே கூறுகின்றேன். வீட்டில் நீங்களும் அந்த மிரட்டலை நிறுத்துங்கள். வழிதவறிய பிள்ளை, உதவி கேட்கவேண்டியவரைக் கண்டே ஓடிவிடலாகாது.