சாவுக்கோடு கெடுவான கதை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டாட்ஜ் சிட்டி என்று ஓர் ஊர். 1870களின் கடைசியில் அங்கே எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. புழுதி படிந்த அகலமான தெரு, பலகையால் கட்டிய கடைகள், தெரு நடுவே ஓர் அறிவிப்பு. ஊருக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வதற்குக் கண்டிப்பான தடை என்கிறது அது. கூடவே ‘பிரிக்லி ஆஷ் பிட்டர்ஸ்’ என்ற மருந்துச் சரக்கை வாங்கிக் குடித்துப் பாருங்கள் என்று ஒரு விளம்பரம். சட்டமும் வியாபாரமும் ஒரே கம்பத்தில் தொங்கிய ஊர்.

அந்தத் தடை ஊர் முழுக்க ஒரே மாதிரி செல்லுபடியாகவில்லை. ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ரயில் தண்டவாளம் ஓடியது. வடக்கே பெரிய கடைகள், குடும்பங்கள். அங்கே தடை கறாராக நடந்தது. தெற்கே நடனக் கொட்டகைகள், மலிவான மதுக்கடைகள், விலைமாதர் விடுதிகள். அங்கே காவலர்கள் பல நேரம் கண்டும் காணாமல் இருந்தார்கள். நடுவிலிருந்த தண்டவாளத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘டெட்லைன்’.

இன்று அலுவலகத்திலும் கல்லூரியிலும் பத்திரிகையிலும் புழங்கும் அதே டெட்லைன்தான். நாம் கெடு என்கிறோம், காலக்கெடு என்கிறோம். டாட்ஜ் சிட்டிக்காரர் வாயில் அதற்குக் காலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது தரையில் கிடந்த கோடு. கால் வைத்துத் தாண்டக்கூடிய கோடு.

சொல் அந்த ஊரில் பிறந்ததல்ல. அதன் பிறப்பைத் தேடினால் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லுக்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலக் கூட்டமைப்பு 1864 பிப்ரவரியில் அங்கே ஒரு போர்க்கைதி முகாம் திறந்தது. முகாம் இருந்த காலமெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 45,000 வடதரப்பு வீரர்கள் அதில் அடைபட்டார்கள். கிட்டத்தட்ட 13,000 பேர் அங்கேயே செத்தார்கள். கழிச்சலும் ஸ்கர்வியும் பட்டினியும் கொண்டுபோன உயிர்களே மிகுதி. வெளிச்சுவர் உயரமான மரக்கம்பங்களால் ஆனது. அதற்கு உள்ளே ஏறக்குறைய 19 அடி தள்ளி, தாழ்வான ஒரு கட்டை வேலி. அதைத் தாண்டியவனை மேடையில் நிற்கும் காவலன் சுடலாம். அந்த வேலிக்குப் பெயர் ‘டெட் லைன்’. அப்போது அது இரண்டு சொல். பொருளும் நேரடியானது, சாவுக்கோடு.

போர் முடிந்ததும் முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் மீது வாஷிங்டனில் இராணுவ விசாரணை நடந்தது. 1865 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சாட்சிகள் வந்து அந்த வேலியைப் பற்றிச் சொன்னார்கள். நாளிதழ்கள் அதை விடாமல் அச்சிட்டன. நவம்பர் 10 அன்று விர்ஸ் தூக்கிலிடப்பட்டார். சிறைக்குள் கிடந்த சொல் அதற்குள் நாடெங்கும் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

அடுத்து அது மேற்கே போனது. போரில் வென்ற தரப்பின் பழைய வீரர்கள் இலவச நிலம் தேடிக் கான்சாஸில் திரளாகக் குடியேறினார்கள். அவர்களுக்கு அங்கே புதுத் தலைவலி ஒன்று காத்திருந்தது: டெக்சஸ் மாடுகள். நீண்ட கொம்புள்ள அந்த மாடுகள் பார்க்க நோயற்றவை. அவை நடந்துபோன தடத்தில் மேய்ந்த உள்ளூர் மாடுகளோ காய்ச்சல் கண்டு மடிந்தன. டெக்சஸ் மாட்டின் மேலிருந்த உண்ணிதான் நோயைப் பரப்புகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் எஃப். எல். கில்போர்னும் 1893இல்தான் நிறுவினார்கள். குடியானவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. இந்தக் கோட்டுக்குக் கிழக்கே டெக்சஸ் மாடு வரக்கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்தில் சட்டம் போட வைத்தார்கள். சில இடங்களில் அவர்களே துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். அந்த நோய்த்தடைக் கோட்டுக்கும் டெட்லைன் என்றே பெயர் விழுந்தது.

ஆண்டர்சன்வில் வேலி அசையாதது. கான்சாஸ் கோட்டுக்குக் கால் முளைத்தது. கிழக்கே நிலம் உழுகிறவர்கள் பெருகப் பெருக, அவர்களுடைய வாக்குக்கு மரியாதை கூடக் கூட, கோடு மேற்கே நகர்ந்தது. அதோடு சேர்ந்து மாட்டுச் சந்தையும் நகர்ந்தது. ஆபிலீன், எல்ஸ்வொர்த், நியூட்டன், விச்சிட்டா என்று ஒவ்வோர் ஊரும் சில ஆண்டு கொழித்துவிட்டு அடங்கியது. 1876இல் சட்டமன்றம் கோட்டை மறுபடி தள்ளியபோது விச்சிட்டா சந்தைக்கு வெளியே போனது. அதிர்ஷ்டம் டாட்ஜ் சிட்டியின் வாசலில் வந்து நின்றது.

அந்த ஊருக்குக் கோடு புதிதல்ல. பிறந்ததே ஒரு கோட்டினால்தான். சாந்தா ஃபே வணிகப் பாதையைக் காக்க 1865இல் ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையில் டாட்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டை எல்லைக்குள் மது விற்கத் தடை. 1872 ஜூனில் ஜார்ஜ் ஹூவர் என்பவர் வண்டி நிறைய விஸ்கியோடு வந்தார். வண்டிச் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, அது எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே ஐந்து மைல் மேற்கே போய், எல்லை முடிந்த இடத்தில் கூடாரம் போட்டு வியாபாரம் தொடங்கினார் என்று ஊரில் கதை சொல்வார்கள். முதலில் ஊருக்கு பஃபலோ சிட்டி என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். அந்தப் பெயர் ஏற்கனவே வேறு ஊருக்கு இருந்ததால் டாட்ஜ் சிட்டி ஆனது. ஹூவர் பிற்பாடு மேயரும் ஆனார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ரயில் வந்தது. முதல் சில ஆண்டுகளுக்குச் சரக்கு காட்டெருமைத் தோல். லட்சக்கணக்கான தோல்கள் அங்கிருந்து கிழக்கே ஏறின. எருமைகள் தீர்ந்துகொண்டிருந்தபோதே மாடுகள் வந்து சேர்ந்தன. ரயில் பாதைக்கு மண் நிரவும் வேலையைச் சில்லறை ஒப்பந்தமாக எடுத்தவர்களில் எட் மாஸ்டர்சன், பாட் மாஸ்டர்சன் என்ற இளம் சகோதரர்கள் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடுக்காமல் நழுவிவிட்டார். மறு ஆண்டு பாட் அவரைப் பிடித்து வசூலித்தார். பின்னால் ஊரின் டெட்லைன் ஆகப்போகும் தண்டவாளத்துக்கு மண் போட்டவர்களில் அவர்களும் அடக்கம்.

மாட்டுக் காலத்தில் ஊரில் ஏறக்குறைய ஆயிரம் பேர் நிரந்தரமாக இருந்தார்கள். கோடையில் டெக்சஸிலிருந்து மந்தையோடு நூற்றுக்கணக்கான கௌபாய்கள் வந்து இறங்குவார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் நடந்துவிட்டு, மொத்தக் கூலியையும் ஒரே நாளில் கையில் வாங்கியவர்கள். பலர் போரில் தோற்ற தரப்பின் பிள்ளைகள். ஊரை நடத்திய வியாபாரிகளுக்கு அவர்களுடைய பணம் வேண்டும், துப்பாக்கி வேண்டாம். முழுக்கத் தடுத்தால் மந்தை அடுத்த ஊருக்குப் போய்விடும். முழுக்க விட்டால் கடைக்கண்ணாடி மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த சமரசம்தான் தண்டவாளக் கோடு. கூத்தடிக்கத் தெற்கே ஓர் இடம் விட்டுவைப்பது. வடக்கே வருகிறவன் துப்பாக்கியைக் கடையிலோ மதுக்கூடத்திலோ ஒப்படைத்துவிட்டு வருவது.

கோட்டின் இரண்டு பக்கத்திலும் நகராட்சிக்கு வரும்படி இருந்தது. மதுக்கடைக்கு உரிமக் கட்டணம். சூதாடிகளுக்கும் விலைமாதர்களுக்கும் மாதந்தோறும் அபராதம். பெயர்தான் அபராதம், நடப்பில் அது வரி. கைது ஒவ்வொன்றுக்கும் காவலருக்குத் தனிப்படி உண்டு என்பதால், சுட்டு வீழ்த்துவதைவிடப் பிடித்துக் கொண்டுபோவதே லாபம். 1881இல் கான்சாஸ் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது டாட்ஜ் சிட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திரைப்படங்கள் காட்டும் பிணக்குவியலை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். கான்சாஸின் ஐந்து பெரிய மாட்டுச்சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா பழைய நாளிதழ்களிலிருந்து எண்ணிப் பார்த்தார். ஐந்து ஊருக்கும் சேர்த்து மொத்தம் 45. சுடுவதற்கென்று பெயரெடுத்த ஊர் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவதில்தான் அதிகக் கவனம் செலுத்தியது.

ஆனாலும் கோடு சிலரை விடவில்லை. 1878 ஏப்ரல் 9 இரவு, அப்போது ஊரின் மார்ஷலாக இருந்த எட் மாஸ்டர்சன், தெற்குப் பக்கத்து நடனக் கொட்டகைக்கு வெளியே, குடித்திருந்த ஒரு கௌபாயிடமிருந்து துப்பாக்கியை வாங்கப் போனார். வயிற்றில் குண்டு பாய்ந்தது. அவ்வளவு நெருக்கத்தில் சுட்டதால் உடையில் தீப்பற்றியது. அந்த நிலையிலேயே தண்டவாளத்தைக் கடந்து வடக்கே ஹூவரின் மதுக்கடை வரை நடந்துபோய் விழுந்தார். சற்று நேரத்தில் இறந்தார். மண் நிரவியபோது அது வெறும் ரயில் பாதை. ஆறே ஆண்டில் பெயருக்குப் பொருத்தமாகிவிட்டது. தம்பி பாட் அப்போது அந்த மாவட்டத்தின் ஷெரிப்.

நோய்த்தடைக் கோடு 1885இல் மாநிலத்தையே விழுங்கியது. குளிர்மாதங்கள் தவிர டெக்சஸ் மாடு கான்சாஸுக்குள் எங்குமே வரக்கூடாது என்றானது. அந்த ஆண்டின் கடைசியில் டாட்ஜ் சிட்டியின் கடைத்தெருவான ஃபிரன்ட் தெருவை அடுத்தடுத்த தீ விபத்துகள் தின்றன; 1886 ஜனவரியின் பனிப்புயலில் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் கூட்டம் கூட்டமாக விறைத்துச் செத்தன. வேலை தீர்ந்ததும் தண்டவாளம் பழையபடி தண்டவாளமானது.

சொல்லுக்கோ வேலை கூடிக்கொண்டே போனது. 1880இல் நியூயார்க் காவல்துறையின் தாமஸ் பர்ன்ஸ் ஃபுல்டன் தெருவைக் கோடாக வைத்தார். பெயர் பெற்ற திருடன் எவனும் அதற்குத் தெற்கே, வால் ஸ்ட்ரீட் பக்கம், தலைகாட்டினால் கைது. அதற்கும் டெட்லைன் என்றுதான் பெயர். மேற்கு மலைநிலங்களில் மாடு வளர்ப்பவர்கள் செம்மறி ஆடுகளுக்கு எதிராகக் கிழித்த எல்லைகளும் டெட்லைன்களே. பிறகு சொல் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தது. அச்சு இயந்திரப் படுகையில் ஒரு வழிகாட்டிக் கோடு உண்டு. எழுத்து அதற்கு வெளியே போனால் சரியாகப் பதியாது. அதற்கு அந்தப் பெயர் வந்தது. 1910களில், செய்தி வந்து சேர வேண்டிய கடைசி நேரத்தையும் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் டெட்லைன் என்றார்கள். 1920இல் பத்திரிகை அலுவலகத்தை வைத்து ‘டெட்லைன் அட் இலெவன்’ என்று மௌனப்படமே வந்துவிட்டது.

பாட் மாஸ்டர்சனும் அதற்குள் பத்திரிகைக்காரர் ஆகியிருந்தார். 1902இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, ‘மார்னிங் டெலிகிராப்’ நாளிதழில் குத்துச்சண்டை பற்றிப் பத்தி எழுதினார். 1921 அக்டோபர் 25 அன்று, பத்தியை எழுதி முடித்த மேசையிலேயே உயிர் பிரிந்தது, வயது 67. டெட்லைன் தரையில் கிடந்த காலத்திலும் கடிகாரத்தில் ஏறிய காலத்திலும் அதோடு பிழைத்தவர் அவர்.

தரையிலிருந்து கடிகாரத்துக்கு மாறும் இந்தப் பயணத்தை டாட்ஜ் சிட்டி வேறு வகையிலும் கண்டது. 1883 நவம்பரில் ரயில் நிறுவனங்கள் பொது நேரத்தை ஏற்றபோது, சாந்தா ஃபே ரயில்வேக்கு மத்திய நேரமும் மலை நேரமும் பிரிகிற இடம் இந்த ஊராயிற்று. மேற்கே போகிறவர் இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்ப வேண்டும். நேரத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சூரியக் கடிகாரங்கள் ரயில் நிலையத்தருகே அமைந்தன. ஈரமான கிழக்கையும் வறண்ட மேற்கையும் பிரிப்பதாக நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பாவெல் 1878இல் எழுதிய நூறாவது தீர்க்கரேகையும் ஊரை ஒட்டியே செல்கிறது.

2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 27,788. மாடு திரும்பிவிட்டது, இம்முறை குளிரூட்டிய இறைச்சியாக: இரண்டு பெரிய இறைச்சி ஆலைகள்தான் ஊரின் முதுகெலும்பு. அவற்றின் வேலையை நம்பி மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று மக்கள்தொகையில் பாதிக்கு மேல். ஆர்கன்சாஸ் ஆறு அங்கே பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது. சுற்றுலாவுக்காக ஃபிரன்ட் தெருவை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். விலைமாதர் தெருவைக் குறிக்கும் ‘ரெட் லைட்’ என்ற வழக்கு தங்கள் ஊரின் விடுதி ஒன்றிலிருந்து பிறந்தது என்ற கதையும் உலவுகிறது. அதற்கு உறுதியான சான்றில்லை.

டெட்லைன் விஷயத்தில் அந்த ஊருக்கு நியாயமான உரிமை ஒன்று உண்டு என்பது என் எண்ணம். சொல்லின் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் சிறையிலிருந்து நேரே அச்சுக்கூடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது. 13,000 பேர் செத்த முகாமின் சொல்லை ஒரே எட்டில் செய்தி அனுப்பும் நேரத்துக்கு யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் அது சந்தை ஊர்களில் புழங்க வேண்டியிருந்தது. அங்கே தாண்டியவனுக்கு விழுந்தது பெரும்பாலும் அபராதம், மிஞ்சினால் ஓர் இரவுச் சிறை. அங்கே கோடு வாக்குக்கும் வரும்படிக்கும் ஏற்ப நகர்ந்தது. ஆண்டர்சன்வில் கைதி யாரிடமும் போய் வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்க முடியவில்லை. இன்று கெடு வைத்தவரிடம் போய் இன்னும் இரண்டு நாள் கேட்கிறோம், பல நேரம் கிடைக்கவும் செய்கிறது. இந்தப் பேரம் சொல்லுக்குள் நுழைந்தது கான்சாஸில்தான்.