ஊசியும் கடதாசியும்: கல்முனைக் கரையின் கைவேலை

வாக்குச் சீட்டில் இடும் குறுக்கு அடையாளத்தை இலங்கையில் தமிழ் பேசுவோர் புள்ளடி என்பர். அதே புள்ளடியை ஊசியாலும் நூலாலும் துணியின்மேல் ஆயிரக்கணக்கில் இட்டு, பூவாகவும் கொடியாகவும் எழுத்தாகவும் ஆக்குவது குறுக்குத் தையல். வண்ணத் தாளை வெட்டியும் மடித்தும் சுருட்டியும் வாழ்த்து அட்டையும் தோரணமும் பூங்கொத்தும் செய்வது கடதாசி வேலை. இவ்விரண்டும் பொழுதுபோக்கு என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டு விடுகின்றன. ஆயினும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் இக்கைவேலைகளுக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அது பெண்களின் வரலாறு. பெரும்பாலும் எழுதப்படாத வரலாறு.

வடக்கே மருதமுனை தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று வரை கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என முஸ்லிம் ஊர்கள் கடலை ஒட்டித் தொடர்ந்து கிடக்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்கள் இவற்றினிடையே அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாக ஆக்கப்படும் வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற ஆணையிட்டபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

இவ்வூர்களின் வழக்கங்களுள் ஒன்று இங்கு சிறப்பாகக் கருதத்தக்கது. வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவான். தாய்வழியாகக் குடி எண்ணும் மரபும் இங்கு உண்டு. ஆகவே வீடு என்பது பெண்ணின் உடைமை. அவ்வீட்டின் தரையில் விரிக்கும் பாயும், வாயிலில் தொங்கும் திரையும், தலையணை உறையும், சுவரை அழகுசெய்யும் சட்டமிட்ட தையற் படமும் அவள் கையின் அடையாளங்கள். வயலின் வரலாற்றை உறுதியிலும் வரிப் பதிவிலும் காணலாம். வீட்டின் உள்ளிருந்த வாழ்க்கையை அறிய வேண்டின் இப்பொருள்களையே நோக்க வேண்டும்.

இவற்றுள் பழமையானது பாய். நீர்நிலைகளின் ஓரத்திலும் சதுப்பிலும் வளரும் பன்னை அறுத்து, வெயிலிற் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து, முற்றத்திலோ திண்ணையிலோ அமர்ந்து பெண்கள் பாய் இழைப்பர். உறங்குவதற்கும் தொழுவதற்கும் உண்பதற்கும் விருந்தினரை இருத்துவதற்கும் பாய் வேண்டும். எனவே பாய் இழைக்கத் தெரியாத பெண் அரியள் என்று சொல்லத்தக்க ஒரு காலம் இருந்தது. பாயின் ஓரத்திலும் நடுவிலும் தோன்றும் கட்டங்களும் வளைவுகளும் எழுதி வைத்த படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவையல்ல. எத்தனை இழை மேலே, எத்தனை இழை கீழே, எந்த இடத்திற் சாய இழை நுழைய வேண்டும் என்ற கணக்கை இழைப்பவள் மனத்தில் வைத்திருந்தாள். தாயிடமிருந்து மகள் அதனைக் கண்ணாலும் விரலாலும் கற்றாள்.

மருதமுனையின் கைத்தறியும் இதே கணக்கின் மற்றொரு வடிவம். பாவும் ஊடையும் சேருமிடத்தில் எந்த நிற நூல் மேலெழ வேண்டும் என்பதே நெசவின் உயிர். சாரத்துக்கும் சேலைக்கும் மருதமுனை இலங்கை முழுவதும் பெயர் பெற்றது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் வெளிநாட்டுத் துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது உள்நாட்டுத் தறிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. 1977இற்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான துணிகள் சந்தையை நிறைத்தன. பல தறிகள் ஓய்ந்தன. எனினும் நெசவு அவ்வூரில் முற்றாக அற்றுப் போகவில்லை.

பாயிலும் தறியிலும் எண்ணிப் பழகிய கைகளுக்குக் குறுக்குத் தையல் புதுமையாக வந்ததாயினும் அந்நியமாக வந்ததன்று. அத்தையலும் எண்ணிக்கையால் ஆவதே. துணியின் இழைகளை எண்ணி, கட்டம் கட்டமாகக் கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளடி இட வேண்டும். எல்லாப் புள்ளடிகளிலும் மேற்கால் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒன்று மாறினாலும் ஒளி படும்போது அந்த இடம் தனித்துத் தெரியும். அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள துணியிற் பத்து அங்குலச் சதுரம் ஒன்றை நிரப்ப 19,600 புள்ளடிகள் வேண்டும். நாளொன்றுக்கு 500 புள்ளடி இடும் பெண்ணுக்கு அது ஏறக்குறைய நாற்பது நாள் வேலை. இத்தகைய உழைப்பை நேரப்போக்கு என்று எளிதிற் கூறிவிட முடியுமா என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தையலின் உலக வரலாறும் சுவையானது. எகிப்தை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட 1250 முதல் 1517 வரையான காலத்தைச் சேர்ந்த தையல் மாதிரித் துணிகள் இன்றும் கிடைக்கின்றன. இழைகளை எண்ணித் தைத்த கோலங்கள் அவற்றில் உள்ளன. அந்நாட்டின் வறண்ட மணல் அவற்றை அழியாது காத்தது. இங்கிலாந்தில் ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய மாதிரித் துணி 1598ஆம் ஆண்டினது. தைத்தவள் ஜேன் பொஸ்டொக் என்னும் பெண். அவள் தன் பெயரையும் ஆண்டையும் அத்துணியிலேயே தைத்து வைத்தாள். இலண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இன்றும் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெர்லின் நகரத்தார் வண்ணமிட்ட கட்டப் படங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினர். அன்று முதல் ஊசிவேலை கடதாசியின் துணையோடு நாடு கடந்து பரவியது. பலஸ்தீனப் பெண்கள் தம் உடைகளிற் செய்யும் தத்ரீஸ் என்னும் தையலிலும் புள்ளடியே முதன்மையானது. ஊருக்கு ஊர் கோலம் வேறுபட்டதால், உடையைக் கண்டே ஊரை அறியலாம் என்பர். அக்கலையை யுனெஸ்கோ 2021இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இலங்கைக்கு இத்தையல் ஐரோப்பியர் வழியாகவும் பாடசாலை வழியாகவும் வந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பெண் பாடசாலைகளில் எழுத்தும் கணக்கும் போலவே தையலும் ஒரு பாடம். 1877இல் சிங்கர் நிறுவனம் இந்நாட்டிற் கால் ஊன்றியது. தையற்பொறி நாளடைவில் வீட்டின் மதிப்புக்குரிய பொருளாயிற்று. முஸ்லிம் பெண்களும் பாடசாலைக் கல்வி பெற வேண்டும் என்று 'முஸ்லிம் நேசன்' இதழை 1882இல் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை வலியுறுத்தினார். ஆனால் கிழக்குக் கரையில் நெடுங்காலம் பருவமடைந்த பெண் வீட்டோடு நிறுத்தப்பட்டாள். பாடசாலையில் அவள் கற்ற எழுத்து பல வேளைகளில் மறந்து போயிற்று. கற்ற தையல் மறக்கவில்லை. வீட்டினுள் இருந்து செய்யத்தக்க வேலை அதுவாக இருந்ததே காரணம். 1945இல் இலவசக் கல்வி வந்தபின் நிலை மெல்ல மாறியது. முன்னாட் கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் பெயரைத் தாங்கிய மகளிர் கல்லூரி கல்முனையில் எழுந்தது இம்மாற்றத்தின் ஓர் அடையாளம். இன்று இக்கரையின் பெண்கள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பணிபுரிகின்றனர். ஊசி கட்டாயமாக இருந்த நிலை நீங்கி விருப்பமாக மாறியது இப்படித்தான்.

கடதாசியின் கதையோ சொல்லிலேயே தொடங்குகிறது. காகிதம் என்பது அரபியரும் பாரசீகரும் வழங்கிய 'காகஸ்' என்ற சொல்லின் வழிவந்தது. சீனத்திற் பிறந்த தாள் எட்டாம் நூற்றாண்டிற் சமர்க்கந்தையும் பக்தாதையும் அடைந்து, முஸ்லிம் உலகெங்கும் பரவியது. கடதாசி என்பதோ போர்த்துக்கேயரின் 'கார்தாஸ்' என்ற சொல்லோடு தொடர்புடையது என்பர். பதினாறாம் நூற்றாண்டில் இந்து மாக்கடலிற் செல்லும் மரக்கலங்கள் தம்மிடம் பெற வேண்டும் என்று போர்த்துக்கேயர் விதித்த அனுமதிச் சீட்டின் பெயரே கார்தாஸ். அச்சீட்டு இன்றிச் சென்ற முஸ்லிம் வணிகரின் கலங்கள் பறிக்கப்பட்டன. அன்று அச்சத்தைத் தந்த சொல், இன்று பிள்ளைகள் கத்தரித்து விளையாடும் வண்ணத் தாளின் பெயராக வழங்குவது காலத்தின் விந்தை.

தாளை மடிப்பதும் பின்னுவதும் வெட்டுவதும் கல்வியாகும் என்று காட்டியவர் ஜெர்மானியரான பிரெடெரிக் புரோபெல். 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' என்று தம் பாலர் பள்ளிக்குப் பெயரிட்ட அவர், தாள் வேலையையும் அட்டையில் துளையிட்டுத் தைக்கும் வேலையையும் அங்குக் கற்பித்தார். அவர் வழி உலகெங்கும் பரவியது. கல்முனைக் கரையிலும் பாலர் பாடசாலைச் சுவர்களில் அதன் பயனைக் காணலாம். திருமண வீட்டு அலங்காரம், பெருநாள் வாழ்த்து அட்டை, பாடசாலைக் கண்காட்சி, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாக்காலம் என வண்ணத் தாளுக்கு ஊரில் வேலை எப்போதும் உண்டு.

இவ்வேலைகளில் ஈடுபடும் பெண்ணின் நாள் எவ்வாறு கழிகின்றது? சுபஹுத் தொழுகைக்குப் பின் அடுப்பும் பிள்ளைகளின் பாடசாலையும் அவளை அழைக்கும். சோறு கறி ஆக்கி, ளுஹர் தொழுது, உண்டு முடிந்தபின் விறாந்தையில் வெளிச்சம் விழும் பக்கமாக அமர்வாள். வளையத்தில் இறுக்கிய துணி மடியில். சதுரக் கோடிட்ட கணக்குக் கொப்பியிற் பென்சிலால் நிரப்பிய கோலம் பக்கத்தில். ஆறு இழையுள்ள நூலில் இரண்டைப் பிரித்து ஊசியிற் கோப்பாள். அசருக்கு அழைப்பொலி கேட்கும்வரை அவள் பொழுது அது. தைத்த இடத்தைப் பென்சிலாற் கோடிட்டு, நாளை எங்கே தொடங்குவது என்று குறித்து எழுவாள். எண்ணிக்கை தவறினால் பிரித்தெடுத்து மீண்டும் தைப்பாள். இரவிற் பிள்ளைகள் உறங்கியபின், மெல்லிய தாட்கீற்றுகளை ஈர்க்கின் நுனியிற் சுருட்டி இதழ் செய்து அட்டையில் ஒட்டுவாள். பெரும்பாலும் அது விலைக்கன்று. உடன்பிறந்தாளின் புதுவீட்டுக்கு ஒரு சுவர்ப்படம், மருமகளுக்கு ஒரு வாழ்த்து அட்டை என்று அது கைம்மாறு கருதாது கொடுக்கப்படும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்கள் அரிதாகி விலை ஏறியபோது நூலும் துணியும் எட்டாப் பொருளாயின. அக்காலத்திற் பழைய சேலையின் நூலும் பாவித்த தாளும் உதவிக்கு வரும். இல்லாமையிலும் கைவேலை நிற்பதில்லை.

நிறுத்தியது கடலே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்த மாவட்டம் அம்பாறை. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் பேரிழப்புக்கு ஆளாயின. வீட்டையும் படகையும் தறியையும் பின்னர்க் கணக்கெடுத்தனர். ஈடும் ஒரு பகுதி கிடைத்தது. பெட்டகத்தில் மடித்து வைத்திருந்த தலையணை உறைகளையும், உம்மா இழைத்த பாயையும், சட்டமிட்டு மாட்டிய தையலையும் எந்தப் பட்டியலிற் சேர்ப்பது? மனிதரை இழந்த வீட்டில் அவற்றைப் பற்றிப் பேசவும் நா எழாது. ஆயினும் இறந்தவளின் விரல்கள் பட்டு எஞ்சியிருக்கக் கூடியவை அவையே. அவையும் அவளோடு போயின.

எகிப்தின் மணல் காத்ததைக் கிழக்குக் கரையின் உப்புக்காற்றும் ஈரமும் கறையானும் காப்பதில்லை. கடல் பொங்காவிடினும் துணி நைந்துவிடும், பாய் தேய்ந்துவிடும், தாள் செல்லரிக்கும். பிளாத்திக்குப் பாய்கள் வந்தபின் பன்பாய் இழைக்கும் கைகளும் குறைந்து வருகின்றன. அக்கைகள் ஓயும்போது மனத்தில் மட்டும் இருந்த கணக்கும் ஓய்ந்துவிடும்.

ஆயினும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பெருஞ்செலவும் வேண்டுவதில்லை. மூத்தம்மா மனத்தில் வைத்திருக்கும் பாய்க்கோலத்தைப் பேத்தி தன் கணக்குக் கொப்பியிற் கட்டமிட்டு எழுதிக்கொள்ளலாம். பாயின் கட்டமும் தையலின் கட்டமும் ஒன்றாதலின், பன்னில் இருந்த கோலம் நூலில் மறுபிறவி எடுக்கும். முடித்த துணியின் ஓரத்தில் அவள் தன் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சிறு புள்ளடிகளால் எழுதி வைக்கலாம். 1598இல் ஒரு பெண் அவ்வாறு செய்ததனால் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவள் பெயர் வழங்குகின்றது. மருதமுனையிலும் நிந்தவூரிலும் அதனினும் நுண்ணிய வேலை செய்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர்; அவர்களுள் ஒருத்தியின் பெயரும் துணியில் இல்லை.

பணிவு காரணமாகப் பெயரை மறைப்பது இக்கரையின் பெண்களுக்கு இயல்பு. அப்பணிவு போற்றத்தக்கதே. ஆனால் பேத்தி ஒருநாள் பெட்டகத்தைத் திறந்து, இதைத் தைத்தது யார் என்று கேட்கும்போது, விடை சொல்ல எவரும் இல்லாது போகலாம். பெயருக்கும் ஆண்டுக்கும் இருநூறு புள்ளடிகள் போதும். பத்தொன்பதாயிரம் புள்ளடிகளைச் சலியாது இட்ட கைக்கு அது அரைநாள் வேலை.