லாவரெல்லோ என்ற பெயர் தீவு சேர்ந்த கதை

வடமேற்கு இத்தாலியில், ஜெனோவாவுக்குக் கிழக்கே மலைச்சரிவு நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் கமோலி என்றொரு சிற்றூர் இருக்கிறது. உழுது பிழைக்கப் போதிய நிலம் கிடையாது. அதனால் ஊரே கப்பலுக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டில் கமோலிக்காரர்களுக்குச் சொந்தமான பாய்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கில் உலகக் கடல்களில் ஓடின. ஆயிரம் வெள்ளைப் பாய்களின் ஊர் என்று அதற்குப் பட்டப்பெயர். 1853-இல் கப்பல் முதலாளிகள் சேர்ந்து தங்களுக்கென ஒரு பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கமே தொடங்கினார்கள். ஒருவர் கப்பல் மூழ்கினால் நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்று ஏற்பாடு.

அந்தக் கரையோரத்தில் பிறந்த குடும்பப் பெயர் லாவரெல்லோ. அதே கரையின் இன்னொரு பெயர் ரெப்பெட்டோ. ரெப்பெட்டோக்கள் ஜெனோவா வட்டாரத்தில் ஏராளம்; அர்ஜென்டினாவின் அரசியலிலும் பாரிஸின் பாலே காலணிக் கடையிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். லாவரெல்லோ அப்படிப் பெருகிய பெயர் அல்ல. ஜெனோவாவில் ஒரு லாவரெல்லோ குடும்பம் தென் அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் நிறுவனம் நடத்தியது. 1884-இல் அதன் கப்பல்கள் 'லா வெலோச்சே' என்ற புதிய நிறுவனத்துக்குக் கைமாறின. இப்படி அபூர்வமான ஒரு பெயர் உலகத்தின் எந்த மூலையில் மிகவும் கெட்டியாக ஊன்றி நிற்கிறது என்று பார்த்தால், அது இத்தாலியிலேயே இல்லை. தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவில், மனிதர் வாழும் இடங்களிலேயே மற்றவர்களிடமிருந்து மிகவும் தள்ளியிருக்கும் டிரிஸ்டன் ட குன்யா தீவில் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் சுமார் 240 பேர். அவர்களுக்குள் வழிவழியாக வந்த குடும்பப் பெயர்கள் ஏழே ஏழு: கிளாஸ், ஸ்வெயின், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லாவரெல்லோ. கடைசியாக வந்து சேர்ந்தவை அந்த இரண்டு கமோலிப் பெயர்கள்தான்.

அவை வந்தபோது தீவு எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் அந்த வருகையின் கனம் புரியும்.

டிரிஸ்டன் ஓர் எரிமலை. கடலுக்குள்ளிருந்து எழுந்து 2,062 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கேப்டவுன் சுமார் 2,800 கிலோமீட்டர். செயின்ட் ஹெலினா தீவு சுமார் 2,400 கிலோமீட்டர். சுற்றிலும் செங்குத்துப் பாறை. வடமேற்கே மட்டும் குடியிருக்கத் தோதான ஒரு குறுகிய சமவெளி. 1506-இல் போர்ச்சுக்கீசியத் தளபதி ஒருவர் கண்டு தன் பெயரை வைத்துவிட்டுப் போனார். நிலையாகக் குடியேறியவர் யாரும் 19-ஆம் நூற்றாண்டுவரை இல்லை. 1816-இல் நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்தார். அவரைத் தப்பவைக்க யாராவது டிரிஸ்டனைத் தளமாக்கிக்கொள்ளக் கூடும் என்ற பயத்தில் பிரிட்டன் அங்கே ஒரு சிறு காவற்படையை இறக்கியது. அடுத்த ஆண்டே திருப்பி அழைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் கெல்சோ ஊரைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்ற பீரங்கிப் படைக் கார்ப்பரல் மட்டும், தன் மனைவி மரியா லீண்டர்ஸ், குழந்தைகள், இரண்டு கல்தச்சர்கள் ஆகியோரோடு தங்கிவிட்டார். 1817 நவம்பர் 7 அன்று அவர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் எனக்கு மிகவும் பிடித்த ஆவணங்களில் ஒன்று. லாபமும் உடைமையும் எல்லோருக்கும் சரிசமம். யாரும் யாருக்கும் மேலானவர் அல்லர். இவ்வளவுதான் அதன் சாரம்.

பிறகு வந்தவர்கள் கப்பல் உடைந்து வந்தார்கள், அல்லது கப்பலைவிட்டு இறங்கித் தங்கினார்கள். ஸ்வெயின் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸிலிருந்து வந்த மாலுமி. ஹாலந்தின் கட்வைக் மீனவக் கிராமத்தில் 1808-இல் பிறந்த பீட்டர் குரூன், 1836-இல் கப்பல் உடைந்து கரையேறி, பீட்டர் கிரீனாக மாறி, 1902-இல் சாகும்வரை தீவின் பெரியவராக இருந்தார். ரோஜர்ஸ், ஹேகன் இருவரும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஆட்கள். இதே காலத்தில் வந்து காணாமல் போன பெயர்களும் உண்டு. நான்கிவெல், பர்னெல், ரைலி, காட்டன். காட்டன் குடும்பம் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தது. இன்று அந்தப் பெயர் தாங்கிய வீடு ஒன்றுகூட இல்லை.

பெயர்கள் ஏன் இப்படி அற்றுப்போகின்றன என்ற கேள்வியைக் கணக்காக்கியவர் பிரான்சிஸ் கால்டன். தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும்; தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடுவதால் இந்தக் கவலை நமக்கு அதிகம் இல்லை. குடும்பப் பெயர் மகன் வழியே மட்டும் இறங்கும் இங்கிலாந்தில், பிரபலமான குடும்பங்களின் பெயர்கள் மறைவதைப் பார்த்த கால்டன், 1873-இல் ஒரு கல்விப் பத்திரிகையில் இதைப் புதிராக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். ஒவ்வொரு ஆணுக்கும் மகன் பிறக்காமல் போகவும், ஒன்றோ பலவோ பிறக்கவும் குறிப்பிட்ட வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கணக்கை ஓட்டினார். எல்லாப் பெயரும் என்றாவது அழிந்தே தீரும் என்று அவர் முடிவுசெய்தது பிழை. சராசரியாக ஒருவருக்கு ஒரு மகனுக்கு மேல் பிறந்து நிலைத்தால், பெயர் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு என்று பின்னால் நிறுவினார்கள். ஆனால் தொடக்கத்தில் ஒரே ஒருவர் தாங்கும் பெயருக்கு முதல் இரண்டு மூன்று தலைமுறைகள்தான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் பெயருக்குப் பலம் கூடிவிடும்.

டிரிஸ்டனில் இந்தக் கணக்கு காகிதத்தில் இல்லை, கடலில் நடந்தது. 1853-இல் வில்லியம் கிளாஸ் இறந்தார்; அவருக்குப் பதினாறு பிள்ளைகள். அடுத்த சில ஆண்டுகளில் அவர் மனைவியும் குடும்பத்தில் பெரும்பகுதியும் அமெரிக்காவின் நியூ லண்டனுக்குக் கப்பலேறினார்கள். 1857-இல் தீவின் பாதிரியார் நாற்பத்தைந்து பேரை அழைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போனபோது மிஞ்சியவர்கள் இருபத்தெட்டுப் பேர். அதற்குள் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் குறைந்துவிட்டன. உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் கொடுத்து மாவும் துணியும் வாங்கும் பண்டமாற்று நசிந்தது. போகிற கப்பலை மறிக்கப் படகில் துடுப்பு போட்டு எதிரே செல்வது அவர்களுக்கு வாழ்வாதாரம் ஆனது. 1885 நவம்பர் இறுதியில் 'வெஸ்ட் ரைடிங்' என்ற கப்பலைக் கண்டு பதினைந்து ஆண்கள் ஒரு படகில் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. கிரீன், ஹேகன், ஸ்வெயின், காட்டன் வீடுகள் எல்லாவற்றிலும் சாவு. தீவில் வளர்ந்த ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சினார்கள். கைம்பெண்களின் தீவு என்று அதற்கு வெளியே பெயர் வந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1892 அக்டோபரில், 'இத்தாலியா' வந்தது.

ஸ்காட்லாந்திலிருந்து கேப்டவுனுக்கு நிலக்கரி ஏற்றிப் போன கமோலிக் கப்பல் அது. கிடங்கில் குவித்த நிலக்கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்வது அக்கால மாலுமிகளின் பெரும் பயம், அதுவே நடந்தது. தீயை அடக்க முடியாத நிலையில் கப்பல் தலைவர் ரொலாண்டோ பெராசோ, கப்பலை டிரிஸ்டனின் தென்பக்கக் கரையில் மோதவிட்டு ஆட்களைக் காப்பாற்றினார். ஊர் இருப்பது மறுபக்கம். தீவுக்காரர்கள் அவர்களை வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். கப்பலுடைந்தவனைப் பங்கிட்டு வீட்டில் வைத்துக்கொள்வது அந்த ஊரின் பழைய வழக்கம். அவர்களே அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே.

சில மாதங்கள் கழித்து வந்த கப்பலில் மற்றவர்கள் புறப்பட்டார்கள். இருவர் போகவில்லை. கெயெட்டானோ லாவரெல்லோ ஜேன் கிளாஸை மணந்தார். ஆந்த்ரியா ரெப்பெட்டோ பிரான்செஸ் கிரீனை மணந்தார். கமோலியில் வீடும் உறவும் இருந்த இளைஞர்கள், அஞ்சல்கூட ஒழுங்காக வராத ஒரு தீவில் தங்கிவிட்டது துணிச்சலா, காதலா, நன்றியா என்று யாரும் அளக்க முடியாது. அவர்கள் தங்கியதால் ஆண்துணை குறைந்திருந்த ஊரில் உழைக்கவும் படகு செலுத்தவும் நான்கு கைகள் கூடின. லாவரெல்லோ என்ற பெயர் ஒரே ஒரு மனிதர்மேல் நின்றது. அவர் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வாழ்ந்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். கால்டன் சொன்ன கண்டத்தைப் பெயர் தாண்டிவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் டிரிஸ்டன் ஏழு ஆண்கள் உண்டாக்கிய ஊர்போலத் தெரியும். மரியா லீண்டர்ஸின் பெயர் எந்த வீட்டிலும் இல்லை. 1827-இல், மனைவியில்லாத ஐந்து ஆண்களுக்காக ஒரு கப்பல் தலைவர் செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்களை அழைத்துவந்து இறக்கினார். முன்பின் பார்த்திராத ஆண்களோடு, திரும்பும் வழி தெரியாத இடத்தில் இறங்கிய அந்தப் பெண்களின் பெயரும் இல்லை. 1908-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தீவுக் கணவர்களோடு வந்த அயர்லாந்துச் சகோதரிகள் இருவரின் பெயரும் இல்லை. ஜேன் கிளாஸ் இல்லாவிட்டால் லாவரெல்லோ என்ற பெயர் 1893-லேயே கப்பலேறிக் கமோலிக்குத் திரும்பியிருக்கும். குடும்பப் பெயரின் வரலாறு என்று எழுதப்படுபவற்றில் இந்தப் பாதி விட்டுப்போவது எனக்கு எப்போதுமே பெரிய குறையாகத் தோன்றுகிறது.

அந்தப் பாதியை மீட்டது மரபணு ஆய்வு. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் ஹிம்லா சூடியாலின் குழு, தாய்வழி மட்டுமே இறங்கும் மரபணுவை 1997-இல் ஆராய்ந்து, தீவு மக்கள் ஐந்து தாய்வழிகளில் வந்தவர்கள் என்று காட்டியது. 2003-இல் ஆண்வழி மரபணுவை ஆராய்ந்தபோது ஒன்பது வழிகள் தென்பட்டன, பெயர்களோ ஏழு. ஒரு வழி கிழக்கு ஐரோப்பா அல்லது ரஷ்யப் பக்கமிருந்து வந்த எவரோ விட்டுச்சென்றதாக இருக்கலாம் என்றார்கள். பெயரும் ரத்தமும் ஒரே பாதையில் வருவதில்லை என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறு எங்கும் கிடைப்பது அரிது. தீவில் ஆஸ்துமா மிக அதிகம். முதல் குடியேறிகளில் சிலருக்கு இருந்த இழுப்பு, சிறு கூட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப மணம் நடந்ததால் பரவியது. டொராண்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் அதற்காகவே அங்கு போய் ரத்தம் சேகரித்தார்கள்.

ஒரு பெண்ணின் பெயர் மட்டும் கடலில் ஓடியது. ஆந்த்ரியாவின் மனைவி பிரான்செஸ் ரெப்பெட்டோ, கணவருக்குப் பின் ஊரே பேச்சைக் கேட்கும் தலைவியாக விளங்கினார். பின்னாளில் தீவின் சிங்கி இறால் தொழிலுக்கு வந்த மீன்பிடிக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1961 அக்டோபர் 10 அன்று ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் வெடித்து எரிமலைக் குழம்பு கிளம்பியபோது, 264 பேரையும் காப்பாற்றி ஏற்றிக்கொண்ட இரண்டு கப்பல்களில் ஒன்று 'பிரான்செஸ் ரெப்பெட்டோ'. அப்போது ஊர்த்தலைவராக இருந்தவர் அவருடைய மகன் வில்லி ரெப்பெட்டோ.

கேப்டவுன் வழியாக அவர்கள் நவம்பர் 3 அன்று இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் இறங்கினார்கள். அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து லாவரெல்லோ என்ற பெயர் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. இறங்கியவர்கள் பேசியதோ பழைய உச்சரிப்பு மாறாத தீவு ஆங்கிலம். கால்ஷாட் என்ற இடத்தில் பழைய விமானப்படைக் குடியிருப்பைக் கொடுத்தார்கள். வேலை கிடைத்தது, மின்சாரம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. ஈரக் குளிரும் புதிய நோய்களும் முதியவர்கள் சிலரைக் கொண்டுபோயின. இங்கிலாந்திலேயே தங்கிவிடுவார்கள் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. 1962 டிசம்பரில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. தீவுக்குத் திரும்பவேண்டும் என்றவர்கள் 148. வேண்டாம் என்றவர்கள் 5. அடுத்த ஆண்டு பெரும்பாலோர் திரும்பினார்கள். அந்த வாக்கு தப்பியிருந்தால் ஏழு பெயர்களும் இங்கிலாந்தின் தொலைபேசிப் புத்தகத்துக்குள் கரைந்திருக்கும்.

இன்று நிலம் வெளியாருக்கு விற்பனைக்கு இல்லை. புதுப் பெயர் நுழைய ஏறக்குறைய ஒரே வழி திருமணம். அண்மைக் காலத்தில் அப்படி காலின்ஸ், ஸ்குவிப் என்ற இரண்டு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. முதியவர்கள் கூடிவருகிறார்கள், பிறப்பு மிகக் குறைவு. படிப்புக்கும் வேலைக்கும் இளையவர்கள் வெளியே போகிறார்கள். கால்டனின் கணக்கு ஓயவில்லை.

2010-இல் தீவு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இயன் லாவரெல்லோ. அடுத்த ஆண்டு மார்ச் 16 அன்று, பிரேசிலிலிருந்து சிங்கப்பூருக்கு சோயா ஏற்றிச்சென்ற 'ஒலிவா' என்ற சரக்குக் கப்பல் பக்கத்து நைட்டிங்கேல் தீவின் பாறையில் ஏறி உடைந்தது. எண்ணெய் கடலில் பரவி ஆயிரக்கணக்கான பென்குயின்கள் கறுத்துப்போயின. ஊரார் வேலையை விட்டுவிட்டுப் பறவைகளைப் பிடித்துவந்து கழுவினார்கள். கப்பலில் இருந்த 22 பேரும் உயிர்தப்பினார்கள். அவர்களை ஊர் வீடுகளில் பிரித்து வைத்துச் சோறு போட்டார்கள். பிறகு வந்த கப்பல்களில் எல்லோரும் கேப்டவுனுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.