தடித்த நரம்பும் வளைந்த வில்லும்

டபுள் பேஸ் என்பது வயலின் குடும்பத்துப் பெரியண்ணன். ஆள் உயரத்தை விஞ்சும். முற்காலத்தில் அதற்கு ஆட்டுக்குடலைத் திரித்த நரம்பே பூட்டினார்கள். ஈரக்காற்றில் தப்பின் தோல் தளர்வதை நீங்கள் அறிவீர்கள். குடல் நரம்பின் சுருதியும் அப்படியே கலையும். தடித்த நரம்பாதலால் லேசில் அதிராது. வாசிப்பவர் தோள்தான் உழைக்கவேண்டும். ஆகவே வில் முக்கியமாயிற்று.

1794இல் வெனிஸிலிருந்து லண்டன் சென்ற டிராகொனெட்டி, வெளிப்புறம் வளைந்த வில்லின் அடிக்கட்டையை உள்ளங்கையால் பக்கவாட்டில் தாங்கிப் பிடித்தார். கையின் பலம் நரம்பில் இறங்கியது. பின்வந்த பொத்தேசினி (1821–1889) மூன்றே நரம்பு பூட்டி, வயலின்காரரைப்போல் வில்லை மேலிருந்து பிடித்தார். பேஸில் வயலினின் லாவகத்தைக் காட்டியவர் அவர்! எந்தப் பிடி சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பக்கவாட்டுப் பிடியே வழக்கம்.

20ஆம் நூற்றாண்டில் எஃகு நரம்பு பரவியது. ஈரத்துக்கு அஞ்சாது, வில் பட்டதும் ஒலிக்கும். ஆயினும் பழைய இசையை வாசிப்போர் சிலர் இன்றும் குடல் நரம்பையே தேடி வாங்குகிறார்கள்.