பாட்டியின் 555 புத்தகமும் 50 காசுச் சம்பளமும்

'சிக்கனத்தின் அவசியம்' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், 30 தாளில் 28 தாள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து சேரும். முதல் வரி 'சிறு துளி பெரு வெள்ளம்'. அப்புறம், பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும், மலிவு விற்பனை நாளில் அரிசியும் எண்ணெயும் வாங்கி வைக்க வேண்டும், தேவையில்லாததைத் தொடக் கூடாது. தப்பில்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் போன தவணையில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "என் பாட்டி மிகவும் சிக்கனமானவர். ஒரு துண்டுக் கருவாட்டை இரண்டு வேளைக்கு வைப்பார். ஆனாலும் கடைக் கடன் தீர்ந்ததே இல்லை."

ஓரத்தில் 'கருத்து முரண்' என்று எழுதப் போன பேனா நின்றுவிட்டது. அந்த முரண் அவள் எழுத்தில் இல்லை, தோட்ட வாழ்க்கையில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு எடுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும், கட்டுரைக்குச் சான்று தேடுகிறவர்களுக்கும் பயன்படும்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம். (மலாய் 'நானாஸ்', தமிழ் 'அன்னாசி' இரண்டும் போர்த்துகீசியர் கொண்டுவந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். சொல்வளம் பாடத்தில் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.) ஜொகூரில் அன்னாசி பரவியதற்கும் ரப்பருக்கும் தொடர்பு உண்டு. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் கைச்செலவுக்கு என்ன வழி? மரத்துக்கு இடையில் அன்னாசி போட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் காய் வந்துவிடும். நிலம் வைத்திருந்தவருக்கு இப்படி ஒரு இடைக்கால வருமானம் இருந்தது. அதே நிலத்தில் கூலிக்கு நின்றவருக்கு இடையில் நட எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது கடைப்பற்று மட்டும்தான்.

பற்று எழுதும் சின்ன நோட்டுப் புத்தகத்தை நாம் எல்லாரும் '555 புத்தகம்' என்போம். சட்டைப் பையில் அடங்கும், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் அதில் ஏறும், சம்பள நாளில் இறங்கும். முழுசாக இறங்காது, மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். கடைக்காரரை மட்டும் குறை சொல்வது எளிது. சம்பளம் வராத மாதத்திலும் அரிசி கொடுத்தவர் அவர்தானே. ஆனால் பற்றில் வாங்குகிறவர் விலை பேச முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. தோட்டம் ஊருக்கு வெளியே ரொம்ப உள்ளே இருந்தால் போக வேறு கடையே கிடையாது. சில தோட்டங்களில் கங்காணியோ அவருக்கு வேண்டியவரோ கடை நடத்தினார்கள். காலையில் பெயர் கூப்பிடுகிறவரிடமே மாலையில் மிளகாய் வாங்க வேண்டும். அங்கே "என்னங்க, விலை கூடியிருக்கே" என்று யார் கேட்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த தரச் சம்பளம் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் 24 நாள் வேலை என்றால் ஆணுக்கு 12 வெள்ளி. அதில் 6 வெள்ளிக்கு மளிகை வாங்குகிறார் என்றும், பற்றில் வாங்குவதால் பத்தில் ஒரு பங்கு கூடக் கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம் (இது என் உதாரணக் கணக்குதான்). மாதம் 60 காசு போகிறது. ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். வருஷத்துக்கு 7 வெள்ளி 20 காசு, அதாவது 14 நாளுக்கு மேல் மரம் வெட்டியது பற்று விலைக்கே போய்விடுகிறது. கருவாட்டை இரண்டு வேளைக்குப் பிரித்து வைத்தால் இந்த ஓட்டை அடைபடாது.

சரி, 50 காசு என்று யார், எப்படிக் கணக்குப் பண்ணினார்கள்? மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அது ஒரு மளிகைப் பட்டியலிலிருந்து வந்தது. இந்தியக் குடியேற்றக் குழு, ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, மிளகாய், எண்ணெய், துணிமணி வேண்டும் என்று 'தர வரவுசெலவு' ஒன்றைத் தயாரித்து, அதன் விலையை வைத்துச் சம்பளம் குறித்தது. பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்கு. கடைக்காரர் பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்கு விலைக்கு அரிசி தந்ததாக எங்கேயும் இல்லை.

பட்டியலை வைத்துச் சம்பளம் குறித்தால் என்ன ஆகும் என்பது 1930இல் தெரிந்துவிட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது, ரப்பர் விலை விழுந்தது. சம்பளம் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 காசாக இறங்கியது. அரிசி விலையும் இறங்கிவிட்டதே, பழைய சம்பளம் எதற்கு என்பதும் ஒரு வாதமாக வந்தது. யோசித்துப் பாருங்கள்: விலை குறைந்தால் கையில் நாலு காசு மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. மளிகையில் குறைந்த காசு சம்பளத்திலிருந்தே கழிந்தது. 24 நாளுக்கு 12 வெள்ளி வாங்கியவர் 9 வெள்ளி 60 காசு வாங்கினார், பிறகு அதற்கும் கீழே போனது. 555 புத்தகத்தில் ஏறியிருந்த பழைய கடன் மட்டும் இறங்கவில்லை. வேலையே இல்லை என்று ஏறக்குறைய 2 லட்சம் இந்தியத் தொழிலாளர் 1930க்கும் 1932க்கும் இடையில் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

இந்தச் சம்பளத்தை விசாரிக்க 1936 டிசம்பரில் இந்திய அரசு அனுப்பி ஒருவர் மலாயா வந்தார். வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. ஆங்கிலச் சொற்பொழிவாளர் என்றுதான் அவரைப் பற்றிப் படித்திருப்போம். அவர் நம் தொழிலைச் சேர்ந்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர், மலாயா வந்தபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இன்னொன்றும் உண்டு. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது அதில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். நண்பர்கள் சேர்ந்து நடத்திய மளிகைக் கடை அது. இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடை என்று அதைச் சொல்வார்கள்.

அந்தக் கடைக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ரோச்டேல் என்ற ஆலை ஊர். 1844 டிசம்பர் 21ஆம் நாள், 28 பேர் காசு போட்டு அங்கே ஒரு கடை திறந்தார்கள். சரக்கு என்ன? வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி. அவ்வளவுதான். ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை, எடை சரி, கலப்படம் இல்லை. ஊர் விலைக்கே விற்றார்கள். வருகிற லாபத்தை, யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதாவது வாங்கும்போதே சேமிப்பும் நடந்துவிடுகிறது. 'ரொக்கம் மட்டும்' என்ற விதி ஏழைக்குக் கொஞ்சம் கடினமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பற்றுப் புத்தகத்தின் பிடியிலிருந்து வெளியே வர அவர்கள் கண்ட வழி அது.

மளிகைக் கணக்கு தெரிந்த இந்தத் தலைமையாசிரியர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, 50 காசு, 40 காசுச் சம்பளத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கங்காணி ஆள் சேர்ப்பு நிற்க வேண்டும் என்று 1937இல் அறிக்கை கொடுத்தார். அப்போதுதான் தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம் 'இது போதாது' என்று கடுமையாகக் கண்டித்தது. எனக்கும் அந்தக் கண்டனத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பழைய சம்பளத்துக்குத் திரும்புவது உயர்வு ஆகாது. அதுவும் நிலைக்கவில்லை. 1937இல் 50க்கு ஏறியது 1938இல் 45 காசுக்கு இறங்கியது. பெண்ணுக்கு 36. அந்த ஜூன் மாதமே இந்திய அரசு, உதவியுடன் தொழிலாளர் குடியேறுவதைத் தடை செய்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கையாக இருந்தது. வீட்டுச் செலவுக் கணக்கு அந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் இருந்தது என்று சொல்லலாம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

கூட்டுறவு மலாயாவுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்து, ஜூலை 21இல் முதல் சங்கம் பதிவானது. அது அஞ்சல் துறை ஊழியர்களின் சிக்கன, கடன் சங்கம். பெயரிலேயே 'சிக்கனம்' இருப்பதைப் பாருங்கள். மாதச் சம்பளக்காரர்களுக்கு வட்டிக்காரரிடமிருந்து விடுதலை தருவதுதான் நோக்கம். தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் பின்னால் தோன்றின. ஆனால் மந்தம் வந்து ஆட்களையே கப்பலேற்றிய காலத்தில் ஒரு சங்கம் எப்படி வேர் பிடிக்கும்? ஜப்பானியர் காலம் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, மரவள்ளிக் கிழங்குக் கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. போருக்குப் பிறகும் அரிசிப் பங்கீடு நீண்டது.

1955இல் வந்த வேலைச் சட்டத்தைப் பலரும் விடுமுறை, வேலை நேரம் பார்க்கத்தான் புரட்டுவார்கள். அதில் மளிகைக் கடை வாசனை அடிக்கும் விதிகள் உண்டு. சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் பட்டுவாடா செய்யக் கூடாது (அங்கேயே வேலை செய்பவர் தவிர). கொடுத்த முன்பணத்துக்கு வட்டி வாங்கக் கூடாது. அதே நேரத்தில், தொழிலாளி எழுத்தில் கேட்டால் கூட்டுறவுச் சிக்கன, கடன் சங்கத்துக்குச் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டலாம். இந்த விதிகளை வெறும் சட்ட வாசகமாகப் படிக்காமல், ஒவ்வொன்றும் எந்தத் தொல்லையைத் தடுக்க வந்தது என்று மாணவரிடம் கேளுங்கள். பதில் தானாக வரும்.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, தொழிலாளர் லயத்தை விட்டுப் போக வேண்டியிருந்த காலம். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார். அந்த 10 வெள்ளி எங்கிருந்து வந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாட்டிமார்கள் அடுப்படியில் ஒதுக்கிய காசாகத்தானே இருக்க முடியும்? முன்பு மளிகையில் மிச்சமானது சம்பளக் குறைப்பிலோ பற்று விலையிலோ போனது. இப்போது அது தங்கள் பெயரில் பங்காக நின்றது. மாணவியின் பாட்டியிடம் இல்லாமல் போனது சிக்கனம் இல்லை, மிச்சம் போய் நிற்க ஓர் இடம்தான் என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

நம் பள்ளிகளில் இதன் தொடர்ச்சி இருக்கிறது. பள்ளிக் கூட்டுறவுக் கழகம் 1968 முதல் இயங்குகிறது. பேனா, புத்தகம், ரொட்டி விற்கும் அந்தக் கடையில் மாணவர்களும் பங்குதாரர்கள், ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்க உரிமை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது. ரொட்டி 20 காசு ஏறினால் கேன்டீன் ஆளைத் திட்டுவது மாதிரி இதையும் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

தேர்வு மாணவர்களுக்கு: சிக்கனம் பற்றிய கட்டுரையில் மேலே உள்ள ஆண்டுகளில் இரண்டு மூன்றை இடம் பார்த்துச் சேருங்கள். 1844, 1904, 1922, 1960 என்று வரிசையாகக் கொட்ட வேண்டாம், திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர்களுக்கு: வீட்டில் பழைய 555 புத்தகம் இருந்தால் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள், கடைப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். பொருள், அளவு, விலை மட்டும் போதும். என் வகுப்பில் இதுவரை நான்கு பக்கம் வந்திருக்கிறது. ஒன்றில் சர்க்கரைக்குக் கீழே 'பேனா 1, பள்ளிக்கு' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறது.