மைக்கூட்டின் மேல் யார் பெயர்? எழுதுபொருள் கடைகளும் சுதேசியமும்

எழுதுபொருள் விற்பவரைக் குறிக்கும் 'ஸ்டேஷனர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் 'ஓரிடத்தில் நிலைத்திருப்பவர்' என்பதாகும். இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் ஊர் ஊராகச் சென்று விற்றனர். பல்கலைக்கழகங்களை அண்டிக் கடை வைத்து நூலும் தாளும் விற்றவர்கள் இடம்பெயராமல் இருந்ததால் இப்பெயர் பெற்றனர். தமிழில் 'எழுதுபொருள் கடை' என்னும்போது விற்கும் பொருள் முன்னிற்கிறது. இலத்தீன் வழிச் சொல்லிலோ விற்பவரின் இருப்பு முன்னிற்கிறது.

ஆய்வுக்காக ஊர்விட்டு ஊர் செல்பவர்கள் இவ்வேறுபாட்டைக் கருதிப் பார்க்கலாம். ஆவணக் காப்பகத்தின் கதவு மூடிய பிறகு ஒரு நகரத்தில் திறந்திருக்கும் பழைய இடங்களுள் எழுதுபொருள் கடையும் ஒன்று. பெருநிறுவனக் கிளையாக இல்லாமல், ஒரு குடும்பத்தின் கையில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்துவரும் கடையாயின், அதன் அலமாரியே ஒரு வரலாற்றுச் சான்று. அச்சான்றைப் படிக்க வேண்டிய முறை எது என்பதே இங்குக் கேள்வி.

கொல்கத்தாவில் எஸ்பிளனேடை ஒட்டிய தர்மதலாப் பகுதியில் ஜி.சி. லாஹா என்ற ஓவியப் பொருள் கடை இருக்கிறது. அது தொடங்கப்பட்ட ஆண்டு 1905. அவ்வாண்டு ஆகஸ்டு 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் அயல்நாட்டுப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அபனீந்திரநாத் தாகூர் 'பாரத மாதா' ஓவியத்தை நீர்வண்ணத்தில் தீட்டியதும் அதே ஆண்டில்தான். ஐரோப்பியக் கல்விக்கூட எண்ணெய் ஓவிய மரபிலிருந்து விலக விரும்பிய அபனீந்திரநாத், 1903இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்களான யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ ஆகியோரிடமிருந்து வண்ணத்தை நீரில் கரைத்துப் படரவிடும் முறையைப் பெற்றார். கடையின் தொடக்கமும் சுதேசியத்தின் தொடக்கமும் ஓராண்டில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்றே கொள்ளலாம். ஆனால் அந்தத் தற்செயல் ஒரு நேர்மையான கேள்வியை எழுப்புகிறது: துணியைப் புறக்கணித்தவர்கள் தூரிகையையும் வண்ணத்தையும் மையையும் என்ன செய்தார்கள்?

கேள்வி எளிதன்று. அயல்துணிக்கு மாற்றாகக் கைத்தறி இருந்தது. நூற்பதை வீட்டிலேயே செய்ய முடிந்தது. உலோகக் குழாயில் அடைத்த வண்ணத்தை வீட்டில் செய்ய முடியாது. மேலும், அயல்நாட்டுப் பொருள் என்று அலமாரியில் நின்றவற்றுள் சில, இந்நாட்டிலிருந்தே புறப்பட்டுப் போய்த் திரும்பியவை.

'இந்திய மஞ்சள்' என்ற நிறம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வங்காளத்தில் பியூரி என்று வழங்கிய இந்த மஞ்சள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்களின் விருப்பமான வண்ணங்களுள் ஒன்று. அது எதிலிருந்து வருகிறது என்பது இலண்டனில் நெடுநாள் தெளிவாகத் தெரியவில்லை. கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் இதைக் குறித்து வினவ, அரசுப் பணியில் இருந்த திரைலோக்கியநாத் முகோபாத்யாய முங்கேருக்கு அருகிலுள்ள மிர்சாப்பூருக்கு நேரில் சென்று விசாரித்தார். 1883இல் வெளிவந்த அவருடைய குறிப்பின்படி, அங்கிருந்த மாடு வளர்ப்போர் சிலர் தம் பசுக்களுக்கு மாவிலையும் நீரும் மட்டுமே கொடுத்து, அவற்றின் சிறுநீரைச் சேகரித்துக் காய்ச்சி, படியும் மஞ்சள் வண்டலை உருண்டைகளாகப் பிடித்து விற்றனர். பசுக்கள் மெலிந்து போயின. உருண்டைகள் வணிகர் வழியே கல்கத்தாவுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றன. ஐரோப்பிய வண்ண நிறுவனங்கள் அவற்றைக் கழுவித் தூய்மையாக்கித் தம் பெயரில் விற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வண்ணம் சந்தையிலிருந்து மறைந்தது. இன்று 'இந்திய மஞ்சள்' என்ற பெயரில் கிடைப்பது செயற்கை நிறமிகளால் ஆனது. 'கங்காவதி' என்ற வங்காளப் புனைகதையால் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற அதே திரைலோக்கியநாத்தான் இந்தக் குறிப்பையும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது.

பெயரில் 'இந்திய' என்ற அடை இருக்கிறது. ஆனால் மிர்சாப்பூர் இல்லை. மாடு வளர்த்தவர்கள் இல்லை. வாங்கி விற்ற பாதையின் ஒரு முனையைத்தான் அந்த அடை காட்டுகிறது.

அடை முற்றிலும் தவறாக அமைந்த இடமும் உண்டு. விளக்குக் கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துக் கட்டிகளாகச் செய்யப்பட்ட கருமை சீனத்தில் தொன்றுதொட்டு வழங்கியது. ஆங்கிலம் அதை 'இந்திய மை' என்கிறது. பிரெஞ்சு மொழி அதையே 'சீன மை' என்கிறது. பொருள் ஒன்று, ஊர் இரண்டு. கீழ்த்திசைச் சரக்குகள் பலவற்றுக்கு 'இந்திய' என்பதையே பொது அடையாக்கிய வணிக வழக்கை ஆங்கிலப் பெயர் பதிவு செய்துள்ளது. கரியை அரைத்தவர் இரண்டு பெயரிலும் இல்லை.

அவுரியின் கதை வேறு வகை. வங்காளத்தில் 1859-60இல் அவுரி உழவர்கள் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். 1860இல் தீனபந்து மித்ரரின் 'நீல் தர்ப்பண்' நாடகம் வெளிவந்தது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1917இல், சம்பாரனில் காந்தி கண்டது சாகும் தறுவாயிலிருந்த அத்தொழிலின் கடைசிக் கொடுமைகளை. ஓவியக் கடைகளில் இன்றும் 'இண்டிகோ' என்ற பெயருடன் நீர்வண்ணக் குழாய்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செடியிலிருந்து வந்தவையல்ல. உழவர் போராடிய பொருள் போய்விட்டது; அதன் பெயர் விற்பனையில் இருக்கிறது.

இதுவரை பார்த்தவை குழாயின் மேல் அச்சிட்ட பெயர்கள். கடையில் வாங்குவோரும் விற்போரும் வாய்மொழியாக வழங்கும் பெயர்கள் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. மைக்கு வங்காளியில் 'காலி' என்று பெயர்; கருமையைக் குறிக்கும் 'கால' என்பதோடு தொடர்புடையது. இந்தியில் 'ஸ்யாஹீ', பாரசீகத்தில் 'சியாஹ்' என்றால் கருப்பு. தமிழில் 'மை' கண்ணுக்கு இடுவதையும் கருமையையும் எழுதப் பயன்படுவதையும் ஒருங்கே குறிக்கும். மூன்று மொழிகளிலும் 'சிவப்புக் கருமை' என்று பொருள்படும் தொடரை எவரும் முரணாக உணர்வதில்லை. எழுதும் கருவிக்கு வடக்கே வழங்கும் 'கலம்' என்ற பெயர் நாணலைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அரபு வழியாக வந்தது. தமிழின் 'பேனா' இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். வடக்கில் நாணலும் தெற்கில் இறகும் பெயராக நிலைத்திருக்கின்றன. கையில் இருப்பது இரண்டுமே அல்ல.

செய்தவரின் பெயரையே காத்துத் தந்த சொல்லும் உண்டு. தாளுக்கான பாரசீகச் சொல் 'காகஸ்'. தமிழின் 'காகிதம்' அதன் உறவு. கையால் தாள் செய்த முஸ்லிம் குடும்பங்கள் 'காக்ஸி' எனப்பட்டன. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் அப்பெயர் இன்றும் குடும்பப் பெயராகத் தொடர்கிறது. தௌலதாபாத்துக்கு அருகே காக்ஸிபுரா என்ற ஊரே இருக்கிறது. 'இந்திய மஞ்சள்' தன்னைச் செய்தவர்களை மறைத்தது. 'காக்ஸி' தொழிலையே மனிதரின் பெயராக்கி வைத்தது.

1930களில் எழுதுபொருள் துறையில் நிகழ்ந்த சுதேசி முயற்சிகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பம்பாயில் தண்டேகர் சகோதரர்கள் 1931இல் 'குதிரை' முத்திரையுடன் மைப்பொடி விற்கத் தொடங்கினர். பின்னர் 'கேமல்' மை வந்தது. கேமல், இங்க் என்ற இரு சொற்களின் ஒட்டே 'கேம்லின்'. மைக்கூட்டின் மேல் எவரும் அறிந்த விலங்கின் படத்தை இட்டு அயல்நாட்டு மையோடு அவர்கள் போட்டியிட்டனர்.

ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1930களின் தொடக்கத்தில் ஊற்றுப்பேனா செய்யத் தொடங்கினார். எபோனைட் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்யப்பட்ட அப்பேனாக்களுள் ஒன்று, அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியை அடைந்தது. தஞ்சாவூரில் பிறந்த குமரப்பாதான் அச்சங்கத்தின் அமைப்பாளர். 1935 ஜூலையில் காந்தி ரத்னத்துக்கு எழுதிய கடிதத்தில், பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைவீதிகளில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் குறிப்பிட்டார். காந்தி ஒப்பிட்டது கடைவீதியில் கிடைத்த பொருளோடு என்பது கவனிக்கத்தக்கது. சுதேசியம் வெற்றி பெறவேண்டிய இடம் கடையின் மேசை என்பதை அவர் அறிந்திருந்தார்.

வங்காளத்தில் காதி பிரதிஷ்டானத்தை நிறுவிய வேதியியலாளர் சதீஷ் சந்திர தாஸ்குப்தாவின் மை ஆக்க முயற்சியைத் தொடர்ந்து, ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் நனிகோபாலும் சங்கராச்சார்யாவும் 1934இல் சுலேகா மையைத் தொடங்கினர். 'நல்லெழுத்து' என்று பொருள்படும் அப்பெயரைத் தாகூர் சூட்டினார் என்று ஒரு மரபு உண்டு. நிறுவனம் பின்னர் கல்கத்தாவுக்கு வந்தது. ராஜ்ஷாஹி இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. ஜாதவ்பூரில் ஆலை இருந்த பகுதியின் சாலைச் சந்திப்புக்குச் 'சுலேகா மோட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. 2006இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. 2020இல் ஊற்றுப்பேனா மை 'சுதேசி', 'சுவராஜ்' போன்ற பெயர்களுடன் திரும்ப வந்தது. ஆலை மூடியிருந்த ஆண்டுகளிலும் அந்த மையின் பெயரைச் சொல்லியே மக்கள் பேருந்திலிருந்து இறங்கினர்.

இம்முயற்சிகளைத் தூய சுதேசியம் என்று எழுதிவிடுவது வரலாறாகாது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய இரப்பர். இரப்பர் மரத்தின் பிறப்பிடமோ பிரேசில். அதன் விதைகள் 1876இல் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கு வந்தன. தாவரத்தின் பிறப்பிடத்தைக் கொண்டு அளந்தால் எந்தப் பேனாவும் சுதேசி ஆகாது. வேலை யார் கையில் நடந்தது, திறன் எந்த ஊரில் தங்கியது, கூலி யாருக்குச் சேர்ந்தது என்பவற்றைக் கொண்டு அளந்தால் ராஜமுந்திரிப் பேனா சுதேசிப் பேனாவே. கிராமத் தொழில் சங்கம் கேட்ட கேள்விகள் இவ்வகையானவை.

கடையையே விட்டு விலகியவரும் உண்டு. கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் பயின்று, ஐரோப்பிய பாணி எண்ணெய் ஓவியத்தில் தேர்ந்தவரான ஜாமினி ராய் (1887–1972) பின்னர் அதைக் கைவிட்டார். விளக்குக் கரி, அவுரி, சுண்ணம், மண் வண்ணங்கள் ஆகியவற்றைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துத் துணியிலும் பாயிலும் தீட்டினார். அவர் ஓவியங்களில் உள்ள கருப்பு எதனால் ஆனது என்று கேட்டால் விடை வீட்டு விளக்கில் இருக்கிறது. ஆனால் எல்லா ஓவியரும் அவ்வழியில் செல்லவில்லை, செல்லவும் முடியாது. பள்ளி மாணவருக்கும் விளம்பர ஓவியருக்கும் கடை வேண்டியிருந்தது. 2011இல் கேம்லினின் பெரும்பான்மைப் பங்கு ஜப்பானின் கொகுயோ நிறுவனத்திடம் சென்றபின்னும் ஒட்டகம் அப்பெட்டிகளில் தொடர்கிறது. ஒட்டகத்தைப் பார்த்து வாங்கும் மாணவருக்கு இந்த மாற்றம் தெரிய வேண்டிய தேவையில்லை. வரலாறு எழுதுபவருக்குத் தெரிய வேண்டும்.

கதர் பற்றிய ஆய்வு நம்மிடம் நிறைய உண்டு. அந்த ஆய்வுகளுக்குச் சான்றாகும் கடிதங்களும் தீர்மானங்களும் எந்த மையால், எந்தத் தாளில் எழுதப்பட்டன என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது. அதற்கான மூலங்கள் அரசு ஆவணங்களில் மட்டும் கிடைத்துவிடா. விலைப்பட்டியல், பழைய முத்திரைத்தாள், சரக்கு வந்த ஊரைக் குறித்த பற்றுச்சீட்டு, காலியான மைக்கூடு ஆகியவை கடைகளின் பரணில் இருக்கின்றன. குடும்பம் தொழிலை விடும் நாளில் இவை பழைய தாளோடு எடைக்குப் போகும். எந்த அட்டவணையிலும் ஏறாத சான்றுகள் என்பதால் இழந்தது என்ன என்றுகூடப் பின்னர் அறிய முடியாது.

ஆகவே பிற ஊர்களுக்குச் செல்லும் மாணவர்கள் இத்தகைய கடைகளில் ஒரு குறிப்பேடு வாங்குவதோடு நின்றுவிடாமல், சில கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. இந்தப் பொருளுக்கு இங்கே வழங்கும் பெயர் என்ன? முன்பு என்ன பெயர்? சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது? செய்தவர் யார்? விடை சொல்லும் கடைக்காரரின் மொழியிலேயே அச்சொற்களைப் பதிவு செய்ய வேண்டும். 1883இல் ஒரு நிறத்தின் பெயரிலிருந்து தொடங்கி மிர்சாப்பூரின் மாட்டுக்கொட்டில் வரை திரைலோக்கியநாத் சென்ற வழியும் இதுவே.