எழுத்தோடு போன பத்திரிகைகள்

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் ஒரு வீட்டில் தெலுங்கு கேட்கும், இன்னொரு வீட்டில் கன்னடம், வேறொரு வீட்டில் சௌராஷ்டிரம். ஆனால் திண்ணையில் கிடக்கும் பேப்பர் தமிழ்தான்! வீட்டில் பேசும் மொழியிலேயே, தங்கள் சொந்தபந்தங்களின் செய்திகளோடு ஒரு வாரப் பத்திரிகை வந்தால் எப்படி இருக்கும்? அதை ஒரு சின்னஞ்சிறு சமூகம் 130 வருடங்களுக்கு முன்பே நடத்திக் காட்டியது. கல்கத்தா யூதர்கள்தான் அவர்கள்.

சிரியாவின் அலெப்போ நகரத்து வியாபாரி ஷாலோம் கோஹன் 1798ல் கல்கத்தாவுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் பாக்தாத், பாஸ்ரா பக்கமிருந்து பலர் வந்து சேர்ந்தார்கள். பட்டு, அவுரி, அபினி, நவரத்தினம் என்று எல்லா வியாபாரத்திலும் இருந்தார்கள். 'பாக்தாதி யூதர்கள்' என்பது அவர்களுக்கு வந்த பெயர்.

இவர்கள் வீட்டில் பேசியது அரபு. ஆனால் எழுதியது எபிரேய எழுத்தில்! தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய 'அரபுத் தமிழ்' போலத்தான் இதுவும்.

இந்த மொழியில் இந்தியாவில் முதலில் பத்திரிகை வந்தது பம்பாயில். 1855 முதல் 1866 வரை வந்த அதன் பெயருக்கு 'தன் மக்களின் நலம் நாடுபவர்' என்று பொருள். பிறகு கல்கத்தாவின் முறை. 1873ல் 'மெபாஸெர்' (செய்தி கொண்டு வருபவர்) தொடங்கியது. 1878ல் அது நின்ற வருடமே 'பெராஹ்' (மலர்) வந்தது. 1889ல் அதுவும் நிற்க, பாக்தாதிலிருந்து வந்த மத அறிஞர் சாலமன் த்வேனா 'மகித் மெஷாரிம்' இதழை 1900 வரை நடத்தினார். கடைசியாக 1901ல் 'ஷோஷன்னா' வந்தது. அதற்கு ஆயுசு கொஞ்சம்தான்.

ஊர்ச் செய்தி, வியாபாரச் செய்தி, பாக்தாதிலிருந்து வந்த தகவல், உலக யூதர்களின் நிலை, மத விஷயங்கள் எல்லாம் இவற்றில் இருந்தன. உள்ளூரில் வாசகர்கள் கொஞ்சம்தான். ஆனால் அவர்களின் உறவினர்கள் பாக்தாத், ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் என்று துறைமுகம் துறைமுகமாக இருந்தார்களே! ஒரு வியாபாரிக்குத் தூரத்து ஊர்ச் செய்தி என்பது லாப நஷ்டக் கணக்கு. சிறிய சமூகத்தின் பத்திரிகைக்கு அதுவே பெரிய பலம்.

அப்படியென்றால் ஏன் நின்று போயின? சமூகம் அழிந்துவிடவில்லை. 1940களில்கூட கல்கத்தாவில் சுமார் 4,000 யூதர்கள் இருந்தார்கள். 1884ல் கட்டிய பிரம்மாண்டமான மேகன் டேவிட் ஜெப ஆலயமும் இருந்தது. பணத்துக்கும் குறைவில்லை. மாறியது பிள்ளைகளின் படிப்பு. 1881ல் யூதப் பெண்கள் பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள். உத்தியோகமும் வியாபாரமும் ஆங்கிலத்துக்கு மாறின. தாத்தா படித்த பத்திரிகையைப் பேரனால் படிக்க முடியவில்லை. 1904ல் ஷாங்காயில் பாக்தாதி யூதர்கள் தொடங்கிய 'இஸ்ரேல்ஸ் மெசஞ்சர்' பத்திரிகை ஆங்கிலத்திலேயே வந்தது!

ஆங்கிலம் படித்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் அவர்களை முன்னேற்றியது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. 1947க்குப் பிறகு பெரும்பாலோர் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். இன்று கல்கத்தாவில் மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தப் பழைய இதழ்களைப் புரட்டுவது ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே.

சௌராஷ்டிர மொழிக்கும் தனி எழுத்து உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. பத்திரிகை நடத்தப் பணமும் அச்சகமும் இருந்தால் மட்டும் போதாது. அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்க வீட்டில் ஒரு குழந்தையும் வேண்டும்.